பதினோரு மாதக் கையெழுத்து

மே 27, திங்கள்

இன்று மட்டும் ஏழு வாடகை ஒப்பந்தம் அடித்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், பாளையங்கோட்டையில் பாதிச் சனம் வீடு மாறுகிறது. சங்கரபாண்டியன் அண்ணாச்சி பத்திரம் எழுதுகிறவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் அவர் கடை. ஆறு வருஷமாக அங்கே டைப் அடிப்பது நான். வீட்டுச் சொந்தக்காரர் முதல் நபர், குடியிருக்க வருகிறவர் இரண்டாம் நபர், காலம் பதினோரு மாதம், உள்வாடகைக்கு விடக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். கையெழுத்துப் போட வருகிற ஒவ்வொருவரிடமும் "நல்லா படிச்சிப் பாத்துட்டுப் போடுங்க" என்று சொல்லவும் செய்வேன். ஊருக்கு உபதேசம்.

எட்டாவதாக என் வீட்டு ஒப்பந்தத்தை அடித்தேன். ஜூன் 30-ஆம் தேதியோடு பழையது முடிகிறது. முதல் நபர் ஞானசௌந்தரி டீச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கீழ்வீட்டில் தனியாக இருக்கிறார். இரண்டாம் நபர் கொம்பையா.

நான் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் வீடு கேட்டுப் போனபோதே டீச்சர் சொல்லிவிட்டார். "ஆம்பள பேருலதாம்மா எழுதுவேன். நாளைக்கு ஒண்ணுன்னா நான் யாருகிட்ட பேச?" என் புருஷன் வடநாட்டு லாரி ஓட்டுகிறார், வருஷத்துக்கு ஒரு தரம்தான் வருவார் என்றேன். உண்மையில் கொம்பையா அம்பாசமுத்திரத்தில் அவன் அம்மா வீட்டில் இருந்தான். நானும் மகள் அபிநயாவும் அதற்கு மூன்று வருஷம் முன்பே அவனை விட்டு வந்தாயிற்று. ஆனால் அதற்கெல்லாம் வாடகை ஒப்பந்தத்தில் இடம் கிடையாது.

ஜூன் 3, திங்கள்

அவனுக்குப் போன் போட்டேன். "கையெழுத்தா? அதுக்குள்ள பதினோரு மாசம் ஆயிட்டா?" என்று சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். சீலா மீன் வாங்கி வைக்கச் சொன்னான்.

அண்ணாச்சிக்கு எல்லாம் தெரியும். "தாயி, இந்தத் தடவையாவது டீச்சர்ட்ட உள்ளதச் சொல்லி உம் பேருல மாத்திக்கிடேன்" என்றார். சொல்லலாம். சொன்னால் டீச்சர் காலி செய்யச் சொல்லுவார். அபி பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை முடியட்டும், அடுத்த தடவை பார்ப்போம் என்றேன். போன தடவையும் இதையேதான் சொன்னேன், அப்போது அவள் பதினொன்று.

அபி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டில் படிக்கப் போவதாகச் சொன்னாள். போயிட்டு வா என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

வந்தான். கையில் பெரிய பை.

டீச்சர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டான். டீச்சர் காப்பி கொடுத்தார். டீச்சருக்கு இவன்மேல் பெரிய மரியாதை. பேசும்போது எழுந்து நின்றுகொள்வான், "அம்மா, அம்மா" என்பான். அதிலெல்லாம் அவனை ஒரு குறை சொல்ல முடியாது. நல்ல சட்டை, நெற்றியில் திருநீறு. சாட்சிக்கு அண்ணாச்சியும் பக்கத்து வீட்டுக்காரரும் போட்டார்கள். ஜூலை முதல் மே முடிய இன்னும் பதினோரு மாதம்.

மாடிக்கு வந்து சாப்பிட்டான், சாப்பிட்டதும் பஸ் ஏறிவிடுவது வழக்கம். கை கழுவிவிட்டுப் பையைத் திறந்து லுங்கியை எடுத்தான்.

"எப்ப பஸ்ஸு?" என்றேன்.

"எதுக்கு பஸ்ஸு? லாரி ஆபீஸ்ல தகராறு, நின்னுட்டேன். அம்மயும் அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. நான் இங்கன இருந்துக்கிடுதேன்."

"இங்கனயா?"

"ஏட்டி, இது யாரு பேருல உள்ள வீடு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் அடுப்படிக்குப் போய் மீன் சட்டியைத் தேய்த்தேன். எனக்கு இடது கை தோளுக்கு மேலே தூக்க வராது, படியில் விழுந்து உடைந்து கோணலாகச் சேர்ந்த கை. அதனால் பரணில் இருந்த பாயை அவனே எடுத்துக்கொண்டான்.

ஜூன் 10, திங்கள்

ரெண்டு நாளில் போய்விடுவான்.

ஜூன் 18, செவ்வாய்

போகவில்லை.

வீட்டில் குழப்பம் எதுவும் இல்லை. கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வந்தான். டீச்சர் வீட்டு மோட்டாரைக் கழற்றி மாட்டினான், தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஏறுகிறது. "ஆம்பள இருந்தா வீடே ஒரு தினுசாத்தாம்மா இருக்கு" என்று டீச்சர் படியில் என்னை நிறுத்திச் சொன்னார். நானும் ஆமாம் என்றேன். அவன் சட்டையை நேற்று தேய்த்து வைத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை, கைப்பழக்கம்.

அபி டியூஷன் முடிந்து ஆறரைக்கு வருகிறவள், இப்போது எட்டரை ஆகிறது. கூடுதல் வகுப்பாம்.

ஜூன் 27, வியாழன்

தராசில் நிறுக்க வேண்டியிருக்கிறது ஒவ்வொரு சொல்லையும். டம்ளரை எங்கே வைக்க வேண்டும், பேன் எத்தனையில் ஓட வேண்டும், கதவை எத்தனை சத்தத்தில் சாத்த வேண்டும், எல்லாம் மறந்து போயிருக்கும் என்று நினைத்தேன். ஆறு வருஷம் கழித்தும் உடம்புக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கென்ன பயம்? பயமெல்லாம் இல்லை. அவனுக்குச் சத்தம் பிடிக்காது, அவ்வளவுதான்.

இருக்க இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். இவனுக்கு நான் இடத்தைக்கூடக் கொடுக்கவில்லை, முத்திரைத்தாள் வாங்கி, தப்பில்லாமல் அடித்து, எழுதியே கொடுத்திருக்கிறேன். தொழில் தெரிந்தவள் செய்கிற தப்பு இது. தெரியாதவள் யாரும் இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டாள்.

ஜூலை 1, திங்கள்

புது ஒப்பந்தம் இன்று முதல் நடப்பு. குக்கர் கேஸ்கட் மாற்றினேன். அரிசி வாங்க வேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

அவனுக்குத் தெரியாமல் வீடு பார்க்கக் கிளம்பினேன். டவுனில் இரண்டு, பேட்டையில் ஒன்று, வண்ணார்பேட்டையில் இரண்டு.

முதல் வீட்டில் கேட்டது: வீட்டுக்காரர் என்ன வேலை? பிரிந்து இருக்கிறோம் என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் கதவிலேயே நின்றார் அந்த அம்மாள். இரண்டாவது வீட்டில் சைவமா என்று கேட்டார்கள், சைவம் என்று சொல்லிப் பார்த்தேன், பிறகு நீங்க யாரு, என்ன ஆளுக என்றார்கள், அதையும் சொன்னேன், பிறகு வீட்டுக்காரர் எங்கே என்றார்கள். பேட்டையில் இருந்தவர் கொஞ்சம் நல்ல மனிதர். "எங்க பக்கத்துல எல்லாம் வயசுப் பையன்வ இருக்கானுவம்மா, நீங்க ரெண்டு பொம்பள, நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது பாத்துக்கிடுங்க" என்று எனக்காகவே கவலைப்பட்டார். நான்காவது வீட்டில் என் கையில் இருந்த அபியின் மார்க் ஷீட்டைக்கூடக் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை.

ஐந்தாவது வீட்டில் உண்மையைச் சொல்லுமுன்பே, "ஆனி முடியறதுக்குள்ள பால் காய்ச்சிருவியளா? ஆடி பொறந்துட்டா நாங்க யாரையும் உள்ள விட மாட்டோம். ஆவணிக்குத்தான்" என்றார்கள். ஆனி முடிய ஒன்பது நாள்.

வீட்டுக்கு வந்ததும் எங்கே போனாய் என்றான். அண்ணாச்சி கடையில் வேலை என்றேன். ஞாயிற்றுக்கிழமையா என்றான். ஆமாம் என்றேன். சரி என்றான்.

ஜூலை 12, வெள்ளி

இரண்டு புரோக்கர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவர் சொன்னார், "யக்கா, உங்க தம்பி யாராவது இருந்தா அவரு பேருல போட்டுருவோம்." எனக்குத் தம்பி இருக்கிறான். அவன் பெண்டாட்டிக்கு நான் என்றால் ஆகாது. அவன் பெயரில் போட்டால் அடுத்த பதினோராம் மாதம் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். ஒரு நுகத்தைக் கழற்றி இன்னொன்றில் கழுத்தை நீட்டுவானேன்?

ஜூலை 14, ஞாயிறு

அபியின் கன்னம் சிவந்து தடித்திருந்தது. கொசு கடித்துச் சொறிந்துவிட்டேன் என்றாள். நான் பால் வாங்கப் போய்த் திரும்பிய பத்து நிமிஷத்தில் கடித்த கொசு. நான்கு விரல் உள்ள கொசு.

அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். "பதில் சொல்லுதா, பெத்த அப்பனுக்கு. நீ வளத்த லெச்சணம்" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

கையும் படியில் விழுந்து உடையவில்லை. இதை இந்த நோட்டில்கூட இதுவரை ஒழுங்காக எழுதவில்லை, பார்த்தேன். அவன் முறுக்கியது. அப்போது அபிக்குப் பதினோரு வயது, கதவோரம் நின்று பார்த்தாள். மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். இனிமேல் சண்டை சச்சரவு இல்லாமல் வாழ்வோம் என்று ஒரு தாளில் எழுதி, அடித்தவனிடமும் அடிபட்டவளிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். நான் கட்டுப்போட்ட கையோடு போட்டேன். மறுநாள் பஸ் ஏறினேன்.

மத்தியானம் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு டீச்சரைப் பார்க்க வந்தேன். அவன் வெளியே போயிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப வடநாட்டு லாரின்னது?"

"பொய் டீச்சர்."

"பொய் சொல்லித்தான் என் வீட்டுக்கு வந்திருக்க."

"உண்மையச் சொல்லியிருந்தா தந்திருப்பியளா டீச்சர்?"

"தந்திருக்க மாட்டேன்." அதில் ஒளிவு மறைவு இல்லை அவருக்கு.

"இத ரத்து பண்ணிட்டு என் பேருல எழுதித் தாங்க. நானே அடிச்சிக் கொண்டாறேன். மூணு வருசமா வாடகை தந்தது நாந்தான் டீச்சர், உங்களுக்கே தெரியும். அபிய நேத்து அடிச்சிருக்காரு."

"அப்பான்னா கண்டிக்கத்தான் செய்வாரு. நான் நாப்பது வருசம் பிள்ளைகளோட இருந்தவ" என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். நான் அடித்த ஒப்பந்தம். கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "கையெழுத்து யாரு போட்டுருக்கா? அவருதான என் வீட்டுல குடியிருக்கவரு? எங்கிட்ட ஒரு சொல்லு தப்பாப் பேசினதில்ல. உங்க ரெண்டு பேருக்கும் ஒத்து வரலன்னா, போக வேண்டியது நீதாம்மா. அவர வெளிய போகச் சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கு?"

நான் வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து, "உனக்காக ஜெபம் பண்ணுதேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதுதான் எரிகிறது.

ஜூலை 16, செவ்வாய்

டீச்சர் அவனிடம் சொல்லிவிட்டார். இன்று காலை பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எம் பேர எடுக்கப் பாத்தியாம்ல" என்றான். அதற்கு மேல் எழுதப் போவதில்லை. அபி பள்ளிக்கூடத்தில் இருந்தாள், அது போதும்.

அண்ணாச்சி என் உதட்டைப் பார்த்தார். தாள் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போய் மருந்தும் வாங்கி வந்தார்.

ஜூலை 17, புதன். ஆடி முதல் தேதி

கடையில் ஈ ஓட்டுகிறோம். ஆடியில் யாரும் பத்திரம் எழுத மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள். ஊரெல்லாம் பூட்டிய வீடுகள், வாசலில் "வாடகைக்கு" என்று அட்டை, உள்ளே விட ஆள் இல்லை. ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தாலும் கிடக்கட்டும், ஆடியில் வந்த குடி ஆடிப் போகும் என்பார்கள். அபியைத் தோழி வீட்டில் விட்டிருக்கிறேன். எத்தனை நாளைக்கு?

ஜூலை 21, ஞாயிறு

தச்சநல்லூரில் ஒரு வீடு. பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் வெயிலில் நடந்தேன். முகத்தைத் துடைத்துத் துடைத்து ஸ்டிக்கர் பொட்டு எங்கேயோ விழுந்துவிட்டது. தாலி ரவிக்கைக்குள் இருந்தது.

சொந்தக்காரர் இசக்கியப்பன், அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் சம்சாரம் ஆவுடையம்மாள். கீழே அவர்கள், மகன், மருமகள். மாடியில் ஒரு அறை, ஹால், அடுப்படி, கதவுக்கு உள்பக்கம் மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன், இறுக்கமாக விழுந்தது. எனக்கு அந்த வீடு வேண்டும் போலிருந்தது. எந்த வீட்டையும் அப்படி ஆசைப்பட்டுப் பார்த்ததில்லை.

"வீட்டுக்காரவிய எங்க இருக்காவ?" என்று ஆவுடையம்மாள் கேட்டாள். அவள் கண் என் நெற்றியில் இருந்தது.

"எறந்துட்டாவ" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்படி ஒரு நினைப்பே இல்லை. வாயிலிருந்து வந்து விழுந்தபிறகு அதை எடுக்க எனக்கு மனமில்லை.

"அய்யய்யோ. என்ன செஞ்சிது?"

"மஞ்சக்காமாலை. மூணு வருசம் ஆச்சு."

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கையைப் பிடித்து உட்கார வைத்து மோர் கொடுத்தாள். பிரிந்தவள் என்றால் வாசலில் நிறுத்துகிற ஊர், செத்தான் என்றதும் நாற்காலி போடுகிறது.

இசக்கியப்பன்தான் தயங்கினார். "வீடு தாறதுல ஒண்ணும் இல்ல. ஆடியா இருக்க, அதான்."

ஆவுடையம்மாள் அவரை அதட்டினாள். "நீங்க ஒண்ணு. அவளுக்கு இனி ஆடி என்ன, ஆவணி என்ன? நாளையே வரட்டும்."

அன்பாகத்தான் சொன்னாள். நான் மோரைக் குடித்து முடித்தேன். நல்ல மோர், பெருங்காயம் போட்டிருந்தது.

ஜூலை 24, புதன்

இசக்கியப்பன் சட்டம் பேசுகிற ஆள். டீச்சர் மாதிரி இழுப்பறையில் போட்டுப் பூட்டுகிறவர் இல்லை. ஒப்பந்தம் ஆன்லைனில் பதிய வேண்டும், போலீஸுக்குக் குடியிருப்பவர் விவரம் கொடுக்க வேண்டும், ஆதார், இரண்டு சாட்சி, எல்லாம் வேண்டும். அத்தோடு நிற்கவில்லை. "அவிய இறப்புச் சான்று ஜெராக்ஸ் ஒண்ணு இருந்தா வச்சிக்கிடலாம்" என்றார் போனில். பக்கத்திலிருந்து ஆவுடையம்மாள் கத்துவது கேட்டது. "செத்தவிய சர்ட்டிபிகேட்டக் கேட்டு எதுக்கு அந்தப் பிள்ளைய நோவடிக்கிய? பஸ்ஸுல டிக்கெட் கேட்டது போதாதாக்கும்?" மனுஷன் அடங்கிவிட்டார்.

என் ஆதாரில் கொம்பையாவின் மனைவி என்றுதான் இருக்கிறது. அதை மாற்ற இப்போது நேரமில்லை. எனவே ஒப்பந்தத்திலும் அந்தப் பெயர் வந்தாக வேண்டும். அடித்தேன்: "தச்சநல்லூரில் வசிக்கப்போகும், லேட் கொம்பையா மனைவி உலகம்மாள், இனி இரண்டாம் நபர்." லேட் என்பதற்கு இரண்டே எழுத்து.

அண்ணாச்சி வழக்கம்போல வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். அந்த வரி வந்ததும் நின்றார். போன மாதம்தான் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்.

"தாயி, எழுத்துல ஏறிட்டுன்னா எறக்க முடியாது."

"தெரியும் அண்ணாச்சி."

"நாளைக்கு அவன் வந்து நின்னா?"

"நின்னா பாத்துக்கிடுவோம். அதுவரைக்கும் நாங்க இருக்கணும்லா?"

அண்ணாச்சி பேனாவைத் தேடினார். பேனா அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. முதல் சாட்சியாகப் போட்டார். போட்டுவிட்டு எழுந்து போய் வெகுநேரம் தெருவைப் பார்த்து நின்றார். நாற்பது வருஷத் தொழிலில் அவர் தெரிந்தே பச்சைப் பொய்க்குச் சாட்சி போட்டது இது ஒன்றாகத்தான் இருக்கும். அவரை அப்படிச் செய்ய வைத்தது எனக்கு வேதனை.

ஜூலை 26, வெள்ளி

அவன் லாரி ஆபீஸில் சம்பள பாக்கி கேட்க அம்பாசமுத்திரம் போன நேரம் பார்த்து, குட்டியானை வண்டி பிடித்தேன். கட்டிலையும் பீரோவையும் விட்டுவிட்டேன். அபியின் புத்தகம், பாத்திரம், துணி, தையல் மிஷின். டீச்சர் ஜன்னலிலிருந்து பார்த்தார், வெளியே வரவில்லை. சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தேன்.

அபியைத் தோழி வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வரும்போதுதான் அவளிடம் சொன்னேன். அப்பா செத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறேன், யாராவது கேட்டால் மஞ்சள் காமாலை, மூன்று வருஷம். "எந்த ஆஸ்பத்திரில?" என்று கேட்டாள். நான் அதை யோசிக்கவில்லை. "ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரின்னு சொல்லுவோம்" என்று அவளே முடித்துவிட்டாள்.

தாலியைக் கழற்றிப் பழைய ஒப்பந்தங்கள் இருந்த கவருக்குள் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, கழுத்து லேசாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

வாசலில் ஆவுடையம்மாள் பால் சட்டியோடு நின்றாள். நான் வாங்கக் கை நீட்டினேன். அவள் பட்டும் படாமலும் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீ இரு. எங்க மருமவ காய்ச்சுவா. நல்லதுக்குத்தான்" என்றாள். மருமகள் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து என் அடுப்பில் என் பாலைக் காய்ச்சினாள். பொங்கும்வரை நான் படியில் நின்றேன். அபி உள்ளேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 30, செவ்வாய்

அண்ணாச்சி கடையின் கண்ணாடியில் என் பொட்டு ஒட்டியிருக்கிறது. காலையில் போய் எடுத்து வைத்துக்கொள்கிறேன், சாயங்காலம் திரும்ப ஒட்டிவிட்டு வருகிறேன். பொட்டு இல்லாமல் கடையில் உட்கார்ந்தால், பாளையங்கோட்டையில் தெரிந்தவர்கள் அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள்.

அவனிடமிருந்து இருபத்திரண்டு அழைப்பு. எடுக்கவில்லை. கடைக்கு வந்து நான் எங்கே என்று கேட்டானாம், நான் கருவூலத்துக்கு முத்திரைத்தாள் வாங்கப் போயிருந்தேன். வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். இரண்டாவது பொய். ஆள் நல்லவர், சொல்லும்போது காது சிவந்திருக்கும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை

காலையிலேயே ஆவுடையக்கா மேலே வந்துவிட்டாள். "இன்னிக்கு அமாவாசைலா, அவியளுக்கு இலை போடணும். வருசத்துல ஒரு நாள், விட்டுராத. வீடு மாறி வந்த வருசம் வேற. அவியளுக்கு எடம் தெரியணும்லா?"

இடம் தெரியக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை பாடும். சரிக்கா என்றேன்.

"அவியளுக்கு என்ன பிடிக்கும்?"

பிடித்ததையே சொன்னேன். வாழைக்காய்ப் பொரியல், அவியல், பருப்புப் பாயசம். அவியலில் முருங்கைக்காய் கொஞ்சம் கூட வெந்தாலும் தட்டு சுவருக்குப் போகும். அதைச் சொல்லவில்லை. குளித்துவிட்டு, சமையலை முடித்து, ஹாலில் இலை போட்டேன். ஆவுடையக்கா சுற்றிலும் பார்த்தாள். "படம் ஒண்ணும் இல்லியா?"

பெரிய படம் ஏது? கவரைத் தேடினேன். ஒப்பந்தத்துக்காக எடுத்ததில் மிஞ்சிய பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று இருந்தது. திருநீறு பூசி, நல்ல சட்டை போட்டு, கேமராவை மரியாதையாகப் பார்க்கிறான். ஒரு டம்ளரில் சாய்த்து வைத்தேன். அக்கா படத்தைக் கிட்டே போய்ப் பார்த்து, "நல்ல மனுசன்னு முகத்துலயே தெரியுது" என்று சொல்லி ஒரு பூவையும் வைத்தாள்.

அபி மொட்டை மாடிக்குக் காக்கைக்குச் சோறு கொண்டுபோனாள். நாங்களும் போனோம். வைத்த நிமிஷம் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து தின்றது. பிறகு இன்னும் நான்கு. அக்கா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "பாத்தியா, எவ்வளவு சீக்கிரம்! அவியளுக்கு மனசு நெறஞ்சிட்டு."

அபி அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அக்கா ஓடிப்போய் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். "அழு தாயி, அழுதாத்தான் கொறயும்." அணைத்ததும் அபி நிஜமாகவே அழுதுவிட்டாள்.

அக்கா கீழே போனபிறகு கதவைச் சாத்தி இரண்டு தாழ்ப்பாளையும் போட்டேன். படத்துக்கு முன்னால் போட்ட இலையில் இருந்ததை வீட்டார்தான் சாப்பிட வேண்டும். நானும் அபியும் இரு பக்கம் உட்கார்ந்து பிசைந்தோம். அபி அப்பளத்தைச் சத்தமாக நொறுக்கினாள். நான் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டேன், தரையெல்லாம் ஓடியது, துடைக்க எழுந்திருக்கவில்லை. அவியலில் முருங்கைக்காய் குழைந்துதான் இருந்தது. அவன் எதிரில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் பயமில்லாமல் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை.